ஐயருக்கு ஐயர் யார்?

சூரைச்செடி | திங்கள், இரவு 11.40

பெயர் போடாமல் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தென் மாவட்டத்தில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரத்தில், அதாவது பல ஊர்ச் சபைகள் சேர்ந்த ஒரு வட்டாரத்தில், குருவானவராக இருக்கிறேன். எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். குருப்பட்டம் பெற்று 19 வருடம் ஆகிறது. தலைமைச் சபை ஒன்று, கிளைச் சபைகள் ஆறு, எல்லாம் சேர்த்து 420 குடும்பங்கள். சபை ஊழியர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். ஆனால் நற்கருணை என்றால் நான்தான் போக வேண்டும். திருமணம், ஞானஸ்நானம் எல்லாவற்றுக்கும் அப்படித்தான்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை. குளத்தில் குளிக்கப் போன ஒன்பது வயதுப் பையன் திரும்பவில்லை. காலை 11 மணிக்கு அடக்கம். பெட்டி சின்னது, நாலு பேர் பிடிக்க இடமில்லை. அவன் அப்பா ஒருவரே சுமந்துகொண்டு வந்தார். ஆராதனை முடித்து, மண் போட்டு, அவர்கள் வீட்டில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். மாலை 5 மணிக்கு இன்னொரு ஊரில் ஒரு குழந்தைக்கு முதல் பிறந்தநாள் ஸ்தோத்திர ஜெபம். போனேன், சிரித்தேன், கேக் ஊட்டினார்கள், வாங்கிக்கொண்டேன். "ஐயா பிரியாணியைத் தொடவே இல்லையே, எங்க மேல ஏதும் வருத்தமா?" என்று அந்த வீட்டம்மா கேட்டார்கள். இரவு வீடு வந்து மறுநாள் பிரசங்கத்துக்குக் குறிப்பு எடுத்தேன்.

அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. சந்தோஷமும் வரவில்லை. அப்பத்தைக் கையில் எடுத்து ஜெபிக்கும்போது வார்த்தைகள் தானாக ஓடுகின்றன, நான் எங்கேயோ நிற்கிறேன். அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமில்லை. போன் அடித்தால் நெஞ்சு படபடக்கிறது. வீட்டில் பிள்ளைகள் என்னிடம் எதையும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

யாரிடம் சொல்வது? கமிட்டியில் சொன்னால் அடுத்த வாரமே ஏழு ஊருக்கும் தெரிந்துவிடும். மேலே சொல்லலாம், ஆனால் டிரான்ஸ்பர் லிஸ்ட் போடுகிற கையிடமே எப்படி மனதைத் திறப்பது? மனைவியிடம் சொல்லிச் சொல்லி அவள் முகம் வாடிப்போயிற்று. ஊரில் யாருக்கு என்ன என்றாலும் "ஐயரைக் கூப்பிடு" என்கிறார்கள். ஐயருக்கு ஐயர் யார்?


ஓய்வு பெற்றவர் | செவ்வாய், காலை 5.15

தம்பி, நீங்கள் வைத்திருக்கிற பெயரைப் பார்த்ததுமே புரிந்தது. வேதாகமத்தில் எலியா தீர்க்கதரிசி சோர்ந்துபோய்ப் படுத்துக் கிடந்த செடி. "போதும் கர்த்தாவே" என்று அவன் சொன்னது தோற்றுப்போன நாளில் அல்ல. கர்மேல் மலையில் அக்கினி இறங்கி, மழையும் பெய்து, ஜனங்கள் முகங்குப்புற விழுந்து பணிந்த பிறகு. பெரிய பண்டிகை முடிந்த மறுநாள் நமக்கும் அப்படித்தான் இருக்கும்.

தேவதூதன் வந்து என்ன செய்தான் பாருங்கள். விசுவாசம் எங்கே போயிற்று என்று கேட்கவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்தான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் படுத்துக்கொண்டான், அதற்கும் திட்டவில்லை. இரண்டாம் முறை எழுப்பி மறுபடி சாப்பிடச் சொன்னான், பயணம் வெகுதூரம் என்றான். கேள்வியெல்லாம் ஓரேப் மலைக்குப் போன பிறகுதான்.

36 வருடம் ஊழியம் செய்தேன். இந்த அதிகாரத்தை எத்தனையோ முறை பிரசங்கித்தேன், என் உடம்புக்கு ஒருநாளும் பிரசங்கிக்கவில்லை. ஈஸ்டருக்கு முந்தின ஒரு லெந்து தவக்காலத்தில், தொடர்ந்து முப்பது நாளுக்கு மேல் தினமும் கூட்டம் நடத்திவிட்டு, பெரிய வெள்ளிக்கிழமை, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைப் பிரசங்கிக்கும்போது, நாலாவது வார்த்தையில் பீடத்தில் விழுந்தேன். பிரஷர். "ஐயா உருகிப் பிரசங்கம் பண்ணினார்" என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அதைக் கேட்க நன்றாக இருந்தது. அதுதான் என் தவறு.

தூங்குங்கள். முதலில் தூங்குங்கள்.


கமிட்டி அண்ணாச்சி | செவ்வாய், காலை 9.30

ஐயா மனசு கஷ்டப்பட்டு எழுதியிருக்கிறார், மதிக்கிறேன். நானும் 12 வருடமாகச் சேகரக் கமிட்டியில் இருக்கிறேன். ஜனங்கள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும்.

எங்கள் சபையில் பாதிக் குடும்பங்கள் பீடித் தொழில். பெண்கள் காலையில் தட்டை மடியில் வைத்தால் இரவு சீரியல் முடியும் வரை இலை வெட்டிச் சுருட்டுகிறார்கள். கழுத்து வலி, இருமல், எல்லாம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பையில் அவர்கள் போடுகிற நோட்டில் புகையிலை வாசம் அடிக்கும். அவர்களுக்கு யார் லீவு கொடுக்கிறார்கள்? பஸ் டிரைவருக்கு டபுள் டியூட்டி, விவசாயிக்கு ஞாயிறும் இல்லை. குருவானவருக்குச் சம்பளம் இருக்கிறது, வீடு இருக்கிறது. ஊழியம் என்பது அழைப்புதானே? நல்ல மேய்ப்பன் ஆடுகளுக்காக ஜீவனைக் கொடுக்கிறான் என்று நீங்கள்தானே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள்?

குறை சொல்ல எழுதவில்லை. பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.


குருமனைப் பெண் | செவ்வாய், மதியம் 2.10

அண்ணாச்சி, நான் ஒரு குருவானவரின் மனைவி. பீடித் தட்டின் கனம் எனக்கும் தெரியும், என் அம்மா சுருட்டித்தான் என்னைப் படிக்க வைத்தார்கள். ஆனால் அம்மா தட்டைக் கீழே வைத்த பிறகு பக்கத்து வீட்டில் உட்கார்ந்து அழுவார்கள், சிரிப்பார்கள், முதலாளியை வாய்நிறையத் திட்டுவார்கள். எங்கள் வீட்டில் அது முடியாது. குருமனை, அதாவது சபை குருவானவருக்குக் கொடுக்கிற வீடு, அதன் கதவு எப்போதும் திறந்திருக்கும், உள்ளே இருக்கிறவர்களின் வாய் எப்போதும் மூடியிருக்கும். நான் புதுச் சேலை கட்டினால் பேச்சு, பழையதைக் கட்டினால் பேச்சு. மூன்று வருடமோ ஐந்து வருடமோ ஒரு ஊரில் இருந்து, ஒரு சிநேகிதி கிடைக்கிற நேரத்தில் சாமான் கட்ட வேண்டும்.

ஜீவனைக் கொடுப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரே சிலுவை, ஒரே தரம். நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக மனைவி மக்களின் ஜீவனையும் சேர்த்துக் கொடுக்கும்படி ஆண்டவர் யாரிடமும் கேட்டதாக நான் வாசிக்கவில்லை.

இங்கிலாந்திலிருந்து வங்காளத்துக்கு வந்து வேதாகமத்தை மொழிபெயர்த்த மிஷனெரி வில்லியம் கேரியின் கதையை ஞாயிறு பள்ளியில் சொல்கிறோம். அவர் மனைவி டாரத்தியின் கதையை யாரும் சொல்வதில்லை. 1793-இல் கைக்குழந்தையோடு கப்பல் ஏறினார். முதலில் வர மாட்டேன் என்றுதான் சொன்னார். தங்கை கூட வந்தால் வருகிறேன் என்று கடைசியில் இசைந்தார். அடுத்த வருடமே ஐந்து வயது மகன் பீட்டர் வங்காளத்தில் சீதபேதியில் இறந்தான். அதற்குப் பிறகு டாரத்தியின் மனம் கலங்கியது. செராம்பூரில் அவரை ஓர் அறையில் அடைத்து வைக்க வேண்டியிருந்தது. 1807-இல் இறந்தார். அவர் கத்துகிற சத்தத்துக்குப் பக்கத்து அறையில்தான் வேதாகம மொழிபெயர்ப்பு நடந்தது. கேரியை நான் குற்றப்படுத்தவில்லை, அந்தக் காலத்தில் இதற்கு மருந்து இல்லை. இப்போது இருக்கிறது.

சூரைச்செடி ஐயா, உங்கள் வீட்டம்மா முகம் வாடியதைக் கவனித்து எழுதினீர்களே, அதற்கு நன்றி. அவர்களுக்கும் யாராவது வேண்டும்.


நெல்லை மருத்துவர் | செவ்வாய், இரவு 9.00

மனநல மருத்துவராக இருக்கிறேன், சபைக்கும் போகிறேன். என்னிடம் வரும் போதகர்கள் பெரும்பாலும் வேறு ஊர்க்காரர்கள். தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று இரண்டு பஸ் மாறி வருகிறார்கள்.

ஐயா, முதலில் நேராகவே ஒன்று கேட்கிறேன். சாக வேண்டும், இல்லாமல் போக வேண்டும் என்கிற எண்ணம் வருகிறதா? எலியா சாவைக் கேட்டுப் படுத்த செடியின் பெயரை வைத்திருப்பதால் கேட்கிறேன். இப்படிக் கேட்பதால் யாருக்கும் புதிதாக அந்த எண்ணம் வந்துவிடாது. வருகிறது என்றால் நாளைக்கு என்று தள்ளாமல் உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள், ஒரு மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண் இருக்கிறது. மத்திய அரசு 2022-இல் தொடங்கியது, இலவசம், நடுராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது மற்றது. வேலையினால் வரும் சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய் வகைப்பாட்டில் மூன்று அடையாளங்களோடு விவரித்தது. சக்தி வற்றிப்போவது. வேலையிலிருந்து மனம் விலகிப்போவது, அதன்மேல் கசப்பு வருவது. என்ன செய்தாலும் பயனில்லை என்று தோன்றுவது. அதை நோய் என்று அவர்கள் சொல்லவில்லை, வேலையில் தொடர்ந்து வரும் அழுத்தத்தைச் சரியாகக் கையாளாததன் விளைவு என்கிறார்கள். அப்படியானால் ஆளை மட்டும் சரிசெய்து பயனில்லை, வேலையையும் சரிசெய்ய வேண்டும்.

ஆனால் நீங்கள் எழுதியதில் அதற்கு மேலும் இருக்கிறது. அதிகாலை விழிப்பு, எதிலும் சந்தோஷம் இல்லாமை, உணர்வு மரத்துப்போனது, அதுவும் மாதக்கணக்கில். இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலே மனச்சோர்வு நோயா என்று பார்க்க வேண்டும். சர்க்கரை, தைராய்டு, பி12 எல்லாமும் பார்ப்போம், சில நேரம் காரணம் அங்கேயும் இருக்கும். நோய் என்றால் வைத்தியம் இருக்கிறது. மாத்திரை சாப்பிட்டால் விசுவாசம் குறைந்துவிடும் என்றால் பிரஷர் மாத்திரைக்கும் அதே கணக்குத்தான் வரும்.

இது உங்கள் தனிப்பட்ட பலவீனம் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் ட்யூக் பல்கலைக்கழகத்தினர் வட கரோலினாவின் மெத்தடிஸ்ட் போதகர்களை ஆராய்ந்தபோது, தொலைபேசியில் பதில் சொன்னவர்களில் 8.7 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருந்தது. அந்த நாட்டின் பொது அளவு 5.5. இணையத்தில், முகம் தெரியாமல் பதில் எழுதியவர்களில் அது 11.1 ஆக இருந்தது. இந்தக் கடைசி எண்ணை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மனிதக் குரல் எதிரில் இல்லாதபோது அவர்கள் கொஞ்சம் கூடுதலாக உண்மை சொல்லியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நீங்களும் இங்கே அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள்.


சூரைச்செடி | செவ்வாய், இரவு 11.55

டாக்டர், நேராகக் கேட்டதற்கு நேராகவே சொல்கிறேன். சாக வேண்டும் என்று இல்லை. ஆனால் பைக்கில் போகும்போது "ஒரு கால் உடைந்தால் இரண்டு மாதம் படுத்துக் கிடக்கலாமே" என்று நினைத்திருக்கிறேன், ஒருமுறை அல்ல. இதை எழுதவே கை நடுங்குகிறது. இன்றைக்கு என் மனைவியிடம் இந்த இழையைக் காட்டினேன். இருவரும் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். வெள்ளிக்கிழமைக்கு மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டாள். அன்றைய உபவாச ஜெபத்தைச் சபை ஊழியர் நடத்துவார்.


புறநகர் பாஸ்டர் | புதன், காலை 6.40

ஐயாவுக்கு ஸ்தோத்திரம். நான் பெந்தெகொஸ்தே சபைக்காரன், சென்னைப் புறநகரில் ஒரு வாடகை ஹாலில் 60 விசுவாசிகள். எனக்கு டிரான்ஸ்பரும் கிடையாது, பிஷப்பும் கிடையாது. சம்பளமும் கிடையாது. கட்டுவதற்கு யாரும் இல்லை என்றால் தாங்குவதற்கும் யாரும் இல்லை என்பதை 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கற்றுக்கொண்டேன். ஆராதனை நின்றது, காணிக்கை நின்றது, ஹால் வாடகை நிற்கவில்லை. ஏழு மாதம் பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்தேன். ஹெல்மெட்டைக் கழற்றாமல் பார்சல் கொடுப்பேன், விசுவாசி வீடாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று.

எங்கள் பக்கம் இன்னொரு கஷ்டம். களைப்பாக இருக்கிறது என்று சொன்னால் அதுவே அவிசுவாசம். எப்படி இருக்கிறீர்கள் பாஸ்டர் என்றால் "ஜெயமாக இருக்கிறேன்" என்றுதான் பதில் சொல்ல வேண்டும். புத்தாண்டு ஆராதனையில் எல்லாருக்கும் அந்த வருடத்துக்கான வாக்குத்தத்த வசன அட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, எனக்கு எடுத்த அட்டையை வீட்டில் போய் வாசித்தபோது ஒன்றுமே தோன்றாத வருடம் ஒன்று உண்டு. சனிக்கிழமை இரவு யூடியூபில் பெரிய ஊழியக்காரர்களின் பிரசங்கம் கேட்பேன், ஞாயிறு காலை என் குரலே எனக்குச் சின்னதாகக் கேட்கும்.

லண்டனின் புகழ்பெற்ற பிரசங்கியார் ஸ்பர்ஜனை நாங்கள் மேற்கோள் காட்டாத நாளில்லை. அவருக்கு என்ன நடந்தது என்று வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன். 1856 அக்டோபர் 19, லண்டனில் சரே கார்டன்ஸ் அரங்கம். ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்த கூட்டத்தில் யாரோ தீ என்று பொய்யாகக் கூவ, நெரிசலில் ஏழு பேர் இறந்தார்கள். ஸ்பர்ஜனுக்கு அப்போது வயது 22. அந்த நாள் அவரைக் கடைசி வரை விடவில்லை. மனச்சோர்வு திரும்பத் திரும்ப வந்தது. அதை அவர் மறைக்கவில்லை. தன் போதகர் கல்லூரி மாணவர்களுக்கு இதையே ஒரு தனி விரிவுரையாகச் சொல்லிக்கொடுத்தார். குளிர்காலத்தில் சபையை விட்டுவிட்டு தெற்கு பிரான்ஸில் மென்டோன் என்ற ஊரில் போய் ஓய்வெடுப்பார். அவ்வளவு பெரிய சபை அவரை அனுப்பி வைத்தது. அப்படியும் 57 வயதில் போய்விட்டார்.

அவருக்கே தேவைப்பட்டது என்றால் எனக்கும் தேவைப்படலாம் என்று அன்றைக்கு முதல் முறையாகத் தோன்றியது. அடுத்த மாதமே முழு இரவு ஜெபத்தை இரவு 11 மணியோடு முடித்தேன். இரண்டு குடும்பம் சபையை விட்டுப் போய்விட்டது. வலித்தது. ஆனால் மீதிப் பேர் சனிக்கிழமை நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.


பாஸ்டர் மகன் | புதன், மாலை 4.30

நான் அதிகம் எழுத மாட்டேன். எனக்கு 27 வயது, ஐ.டி. வேலை. என் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று அப்பா ஒரு குடும்பத்தைச் சமாதானம் செய்து வைக்கப் போயிருந்தார். நள்ளிரவில் வந்து என்னை எழுப்பி "எவ்வளவுடா" என்று கேட்டார். சொன்னேன். தலையைத் தடவிவிட்டுத் தூங்கிவிட்டார். அவரை வெறுக்கவில்லை. ஆனால் இரண்டு வருடமாகக் கோயிலுக்குப் போகவில்லை. அந்தக் கட்டடத்தைப் பார்த்தால் எங்கள் அப்பாவை வாங்கிக்கொண்ட இடம் என்றுதான் தோன்றுகிறது.

சூரைச்செடி ஐயா, உங்கள் பிள்ளைகள் கேட்பதை நிறுத்தியிருந்தால் நீங்கள் கேட்க ஆரம்பியுங்கள். இன்னும் நேரம் இருக்கிறது.


திருச்சபை வரலாறு | வியாழன், காலை 8.20

இறையியல் கல்லூரியில் சபை வரலாறு நடத்துகிறேன். அந்தக் காலத்தில் டேனிஷ்காரர்கள் கையில் இருந்த தரங்கம்பாடிக்கு மாணவர்களைக் கூட்டிப்போகும்போது புதிய எருசலேம் ஆலயத்தில், ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்குவின் கல்லறைப் பக்கத்தில் நிறுத்தி இந்தக் கதையைச் சொல்வேன்.

1706 ஜூலை 9-ஆம் தேதி வந்து இறங்கினார், 24 வயது முடிய ஒரு நாள் இருந்தது. தமிழ் படித்தார், பள்ளி வைத்தார், 1708-இல் டேனிஷ் தளபதி அவரைக் கோட்டையில் நாலு மாதம் சிறை வைத்தார், வெளியே வந்து புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார், 1718-இல் இந்த ஆலயத்தைக் கட்டி முடித்தார். அடுத்த பிப்ரவரியில், 36 வயதில், இறந்தார். வெயில், வயிற்று நோய், ஓயாத வேலை, எல்லாம் சேர்ந்து உடம்பைத் தின்றுவிட்டது.

ஆனால் மாணவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. கடைசி வருடங்களில் அவரை அதிகம் வாட்டியது சிறையும் வெயிலும் அல்ல, டென்மார்க்கின் தலைநகர் கோப்பன்ஹேகனிலிருந்து வந்த கடிதங்கள். அங்கே மிஷன் சங்கத்தின் செயலராக இருந்த வென்ட் என்பவருக்குக் கட்டடம், பள்ளி என்று செலவழிப்பது பிடிக்கவில்லை. அப்போஸ்தலரைப் போல வெறுங்கையோடு ஊர் ஊராகப் போக வேண்டும் என்பது அவர் எண்ணம். தரங்கம்பாடியின் வெயிலை அவர் பார்த்ததில்லை. கடிதம் எழுதிப் பதில் கிடைக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். உடல் முறிந்து கிடந்த மனிதருக்கு, தன் சொந்த ஆட்களிடமிருந்தே கடிந்துகொள்ளும் கடிதங்கள் வந்தன. அவர் இறந்த அடுத்த வருடமே அவருடைய தோழர் கிரண்ட்லரும் இறந்தார்.

சிறையில் அடைத்த தளபதிக்கு எதிராக நிற்க அவருக்குப் பலம் இருந்தது. எதிரியின் அடியைத் தாங்க ஊழியனுக்கு அழைப்பு போதும், தன்னை அனுப்பினவர்களின் சந்தேகத்தைத் தாங்க அது போதவில்லை என்று நான் நினைக்கிறேன். கமிட்டி அண்ணாச்சி கேட்ட கேள்விக்கு என் பதில் இது. வேலையின் கனம் பீடி சுருட்டுகிற அம்மாவுக்கும் குருவானவருக்கும் ஒன்றாகவே இருக்கலாம். யாருடைய கண் தன்மேல் இருக்கிறது, அந்தக் கண்ணில் அன்பு இருக்கிறதா என்பதில்தான் வித்தியாசம்.


கமிட்டி அண்ணாச்சி | வியாழன், இரவு 10.15

இரண்டு நாளாக வேலை ஓடவில்லை. குருமனைப் பெண் எழுதியதை என் வீட்டில் வாசித்துக் காட்டினேன். "நம்ம பாஸ்டரம்மா சிரிச்சு நான் பார்த்ததே இல்லையே" என்றாள் என் மனைவி. எனக்கு அது சுருக்கென்றது. போன டி.சி. (திருமண்டல கவுன்சில்) தேர்தலில் எங்கள் சபை இரண்டாகப் பிரிந்து நின்றபோது, ஐயர் எந்தப் பக்கம் என்று இரண்டு அணியும் அவரைப் பிடித்து இழுத்தோம். நானும் இழுத்தேன். ஒரு அணிக்காரர் வீட்டுத் திருமணத்தில் அவர் ஐந்து நிமிடம் கூடுதலாக இருந்ததற்கு நான் கணக்குக் கேட்டேன். இதை இங்கே எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

எத்திரோ மோசேயிடம் சொன்னதை எடுத்து வாசித்தேன். காலை முதல் மாலை வரை தனியாக உட்கார்ந்து நியாயம் விசாரித்த மருமகனைப் பார்த்து, நீர் செய்கிற காரியம் நல்லதல்ல, நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்கிறார். மாமனார் அல்லவா, மோசேயை வேறு யார் அப்படிச் சொல்ல முடியும்? ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்பதை நான் இதுவரை கவனித்ததே இல்லை.

அப்புறம் ஒரு கணக்குப் போட்டேன். சூரைச்செடி ஐயா சேகரத்தில் 420 குடும்பம். தினம் ஒரு வீடு சந்தித்தாலும் ஒரு சுற்று முடிய ஒரு வருடத்துக்கு மேல். கமிட்டியில் 15 பேர் இருந்தால் ஆளுக்கு 28 குடும்பம். பிறந்தநாள் ஜெபம், வீடு பால்காய்ச்சு, புது வண்டிக்கு ஜெபம், இதற்கெல்லாம் நாங்கள் போனால் என்ன? ஆண்டவர் எங்கள் ஜெபத்தைக் கேட்க மாட்டாரா?

ஆனால் ஒன்று. வண்டிக்கு ஜெபம் பண்ண அங்கியோடு ஐயர்தான் வர வேண்டும் என்று ஜனங்கள் பிடிவாதம் பிடிப்பார்கள். அதை ஐயர் சொன்னால் எடுபடாது. பீடத்தில் ஏறி நாங்கள் சொல்ல வேண்டும்.


ஓய்வு பெற்றவர் | வெள்ளி, காலை 5.05

அண்ணாச்சி, உங்கள் எழுத்தை இரண்டு முறை வாசித்தேன். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பார்.

திங்கட்கிழமை ஓய்வு என்று பல திருமண்டலங்களில், அதாவது ஒரு பிஷப்பின் கீழுள்ள பகுதிகளில், வாயளவில் இருக்கிறது. மரணம் திங்கட்கிழமை பார்த்து வராமல் இருக்காதே. அதனால் பக்கத்துச் சேகரத்து ஐயரோடு ஒரு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். உன் திங்களில் அடக்கம் வந்தால் நான் வருகிறேன், என் செவ்வாயில் வந்தால் நீ வா என்று. போனை அன்றைக்கு வேறு ஒருவர் கையில் கொடுக்க வேண்டும். சும்மா சைலண்டில் போட்டால் ஆகாது, அது மேஜையில் துள்ளுவதைப் பார்த்துக்கொண்டே இருப்போம்.


குருமனைப் பெண் | வெள்ளி, காலை 11.30

ஓய்வு நாள் சரி. ஆனால் ஐயா முதலில் கேட்டது ஓய்வு நாளை அல்ல, ஆளை. ஒருநாள் முழுக்கத் தூங்கி எழுந்தாலும் சொல்ல ஆள் இல்லை என்றால் மறுநாளும் அதே பாரம்தான். குருவானவர்களின் மாதாந்திரக் கூடுகை இருக்கிறதே என்பார்கள். அங்கே மேலதிகாரி முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது யார் அழுவார்கள்?


புறநகர் பாஸ்டர் | வெள்ளி, மதியம் 1.00

நான் செய்வதைச் சொல்கிறேன் சகோதரி. எங்கள் பகுதியில் நாலு பேர் மாதம் ஒரு வியாழன் கூடுகிறோம். நான், ஒரு சி.எஸ்.ஐ. ஐயர், ஒரு லுத்தரன் ஐயர், ஒரு கத்தோலிக்க ஃபாதர். உபதேசத்தில் நாலு பேருக்கும் நாலு வழி. அதுதான் வசதி. ஒரே டிரான்ஸ்பர் லிஸ்ட்டில் நாங்கள் இல்லை, ஒருவர் சபை ஆள் இன்னொருவர் சபைக்கு வந்தால் என்ன என்பதையும் முதல் நாளே பேசி முடித்துவிட்டோம். பிரசங்கம் கிடையாது, அறிவுரை கிடையாது, போன் வெளியே. ஒருவர் பேசுவார், மூன்று பேர் கேட்போம். முதல் இரண்டு மாதம் எல்லாரும் சபை வளர்ச்சியைப் பற்றித்தான் பேசினோம். மூன்றாம் மாதம் அந்த ஃபாதர், "எனக்கு ஜெபிக்கவே பிடிக்கவில்லை" என்றார். அன்றைக்குத்தான் கூட்டம் ஆரம்பமானது.

கேட்பதற்கும் பயிற்சி தேவை. வேலூரில் கிறிஸ்தவ ஆலோசனை மையம் மாதிரி இடங்களில் அதைக் கற்றுக்கொடுக்கிறார்கள். எங்களில் ஒருவர் போய்ப் படித்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு நாங்கள் குறுக்கே பேசுவது குறைந்தது.


நெல்லை மருத்துவர் | வெள்ளி, இரவு 8.45

மிக நல்ல ஏற்பாடு. ஒன்றே ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். நண்பர்கள் கூட்டம் மருத்துவத்துக்குப் பதில் ஆகாது, மருத்துவமும் நண்பர்களுக்குப் பதில் ஆகாது. நாலு பேரில் ஒருவர் மூன்று கூட்டம் தொடர்ந்து வரவில்லை என்றால் போன் செய்யாதீர்கள், வீட்டுக்குப் போங்கள்.


சூரைச்செடி | ஐந்து வாரம் கழித்து, சனி, இரவு 10.20

எல்லாருக்கும் பதில் எழுதக் கடன்பட்டிருக்கிறேன். மனச்சோர்வுதான் என்று டாக்டர் சொன்னார். மாத்திரை ஆரம்பித்து ஒரு மாதம் ஆகிறது. முதல் பத்து நாள் வாய் உலர்ந்தது, வயிற்றைப் பிரட்டியது, விட்டுவிடலாமா என்று இருந்தது. மனைவி விடவில்லை. இப்போது காலை ஐந்து வரை தூக்கம் வருகிறது.

அண்ணாச்சியின் யோசனையை எங்கள் கமிட்டிச் செயலரிடம் சொன்னேன். உடனே ஒத்துக்கொள்ளவில்லை. கிளைச் சபை இரண்டில் எதிர்ப்பு. தலைமைச் சபையும் சேர்த்து மற்ற ஐந்திலும் வீட்டு ஜெபங்களை மூப்பர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒரு வீட்டில் பால்காய்ச்சுக்கு நான் வராததால் வருத்தம் இன்னும் இருக்கிறது, நேரில் போய்ப் பேச வேண்டும். மூன்று திங்கள்கள் போனைச் சபை ஊழியரிடம் கொடுத்தேன். இரண்டாவது திங்களில் ஒரு அடக்கம் வந்தது, பக்கத்துச் சேகரத்து ஐயர் போனார். வீட்டில் உட்கார்ந்துகொண்டு குற்ற உணர்வில் தவித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மகள் கேரம்போர்டை எடுத்து வந்து முன்னால் வைத்தாள்.

நேற்று அந்தப் பையனின் கல்லறையில் சிலுவை நட்டோம். பெயரையும் தேதியையும் அவன் அப்பாவே பெயின்ட்டால் எழுதியிருந்தார், கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் கீழே இறங்கியிருந்தது. ஜெபிக்க வாயைத் திறந்தேன், முடியவில்லை. அழுதேன். நிறுத்த முடியாமல் அழுதேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜெபத்தை அவர்தான் சொல்லி முடித்தார்.

புறநகர் பாஸ்டர் சொன்னது போல இங்கேயும் மூன்று பேர் சேர்ந்திருக்கிறோம். வரும் வியாழன் முதல் கூட்டம், பாளையங்கோட்டையில் ஒருவர் வீட்டு மாடியில். நாலாவது ஆளாக வர விருப்பமுள்ள போதகர்கள், எந்தச் சபையாக இருந்தாலும், எனக்குத் தனிச்செய்தியில் எழுதுங்கள். குருமனைப் பெண்ணுக்கு ஒரு செய்தி: என் மனைவி உங்களோடு பேச விரும்புகிறாள். எந்த நேரத்தில் கூப்பிடலாம் என்று கேட்கச் சொன்னாள்.